பழைய பிக்கப்பின் டிஸ்க் அகலமும் டயர் அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் என் மச்சான் டயர் கடை வைத்திருக்கிறார். நான் ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் ஏற்றும் பழைய பிக்கப் ஓட்டுகிறேன். லோடு இல்லாத சாயங்காலங்களில் கடை வாசல் ஸ்டூல்தான் எனக்கு இடம். வருகிறவர்கள் எல்லாரும் டயரின் விலையைக் கேட்கிறார்கள், கம்பெனியைக் கேட்கிறார்கள், பட்டனை, அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டங்களை, தடவிப் பார்க்கிறார்கள். டிஸ்க்கில், அதாவது டயரை மாட்டும் உலோகச் சக்கரத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர் நூற்றில் ஒருவர் இருக்கலாம். நானும் அந்த மீதித் தொண்ணூற்று ஒன்பதில் ஒருவனாக இருந்து பணத்தை விட்டவன்தான். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

அண்ணே, டயர்ல 215/75 ஆர் 15னு போட்டிருக்கே, அதுல எது அகலம் எது உசரம்?

முதல் எண் 215. டயரில் காற்று நிரம்பியிருக்கும்போது ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை உள்ள அகலம், மில்லிமீட்டரில். ரோட்டில் படிகிற பட்டன் பகுதியின் அகலம் இது இல்லை. அது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அடுத்த 75 என்பது சதவீதம்: பக்கச் சுவரின் உயரம் அந்த 215இல் 75 சதவீதம், அதாவது சுமார் 161 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல், அதாவது உள்ளே நூல் அடுக்கு ஓரத்துக்கு ஓரம் நேர்குறுக்காக ஓடும் டயர். கடைசி 15 டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில்.

ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்தவர் யாரோ, அவரை நான் சந்தித்ததில்லை. இந்த வரியில் ஒன்று மட்டும் இல்லை, கவனித்தீர்களா? டிஸ்க்கின் அகலம். அது டயரில் இருக்காது, டிஸ்க்கில்தான் இருக்கும். குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

டிஸ்க் அகலம்னா டயர் அகலம்தானே? ரெண்டும் வேற வேறயா?

வேறுதான். டயரின் இரண்டு ஓரங்களிலும் உள்ளே கம்பி வைத்த தடித்த விளிம்பு இருக்கும், அதைப் பீடு என்பார்கள். அந்த இரண்டு பீடுகளும் டிஸ்க்கில் போய் உட்காரும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் டிஸ்க் அகலம். டிஸ்க்கின் வெளி உதட்டிலிருந்து வெளி உதடு வரை அளந்தால் அது வேறு கணக்கு, கூடுதலாக வரும்.

டிஸ்க்கைக் கழற்றி, உள்பக்கத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். 5.5ஜே × 15 அல்லது 6ஜே × 15 என்கிற மாதிரி அச்சு இருக்கும். முதல் எண் அகலம், பின்னது விட்டம், இரண்டுமே அங்குலம். நடுவில் இருக்கும் ஜே என்பது உதட்டின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. பழைய லோடு வண்டி டிஸ்க்கில் அந்த இடத்தில் எஃப் என்றும், ஜீப் டிஸ்க்கில் ஈ என்றும் இருக்கலாம்.

நம்பர் துருப்பிடிச்சுப் போச்சு. டேப்பு வச்சு அளந்தா போதுமா?

டயர் கழற்றிய டிஸ்க் என்றால் போதும். உதட்டின் உள்முகத்திலிருந்து எதிர் உதட்டின் உள்முகம் வரை அளந்தால் நேரான கணக்கு. டயர் மாட்டியிருக்கும்போது வெளி உதட்டுக்கு வெளி உதடு அளந்து, முக்கால் முதல் ஒரு அங்குலம் வரை கழிக்க வேண்டும். ஆறரை வந்தால் டிஸ்க் ஐந்தரை என்று எடுத்துக்கொள்ளலாம். நாலு டிஸ்க்கையும் ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். இருபது வருடம் கைமாறி வந்த வண்டியில் ஐந்தும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

சரி, எந்த டிஸ்க்குக்கு எந்த டயர்? அத மட்டும் சொல்லுங்க.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று டிஸ்க் அகலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. நம் வண்டிகளுக்கு அடிக்கடி வருகிறவை இவை. 215/75 ஆர் 15 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம். 225/75 ஆர் 15க்கு 6 முதல் 7.5. 235/75 ஆர் 15க்கு 6 முதல் 8. பையன்கள் ஆசைப்பட்டுக் கேட்கும் 31 × 10.50 ஆர் 15க்கு (உயரம், அகலம் இரண்டுமே அங்குலத்தில் எழுதிய அளவு) 7 முதல் 9. டயர் கம்பெனிகளின் அளவுப் பட்டியலிலும் இது இருக்கும். கடைக்காரர் எடுத்துக் காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போகலாம்.

பட்டியல் கையில் இல்லாவிட்டால் ஒரு மனக்கணக்கு. டயர் அகலத்தை 25.4ஆல் வகுத்து அங்குலமாக்கி, அதில் 70 சதவீதம் எடுங்கள். 215 என்றால் எட்டரை அங்குலம். அதில் 70 சதவீதம் ஆறு. 235 என்றால் ஒன்பதேகால், அதில் ஆறரை. பக்கச் சுவர் உயரமான நம் மாதிரி டயர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். இது நடு அளவு. இதிலிருந்து அரை அங்குலம் இப்படியோ அப்படியோ போனால் பயமில்லை.

அப்புறம் ஒரு விஷயம். டயரில் போட்டிருக்கும் அகலம், அதற்கென்று வைத்த அளவு டிஸ்க்கில் மாட்டி அளந்தது. 215/75க்கு அது 6 அங்குலம், 235/75க்கு ஆறரை. டிஸ்க் அரை அங்குலம் குறுகினால் டயரின் அகலமும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் சுருங்கும், அகன்றால் அந்த அளவு விரியும்.

டிஸ்க் சின்னது, டயர் பெருசு. ஆனா மாட்டினா ஏறிடுச்சே, அப்புறம் என்ன?

ஏறும். எனக்கும் ஏறியது. என் டிஸ்க் ஐந்தரை. பார்க்க மிடுக்காக இருக்குமே என்று 235/75 வாங்கி நாலிலும் மாட்டினேன். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அந்த டயரின் அளவு டிஸ்க் ஆறரை, என்னுடையது ஒரு அங்குலம் குறைவு, ஆக அகலத்தில் 10 மில்லிமீட்டர் போச்சு. 235க்குக் காசு கொடுத்து 225ஐ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

காசு போனதோடு முடியவில்லை. குறுகிய டிஸ்க் டயரின் இரண்டு ஓரங்களையும் உள்ளே இழுத்துப் பிடிப்பதால் பக்கச் சுவர் பானை வயிறு மாதிரி பிதுங்கும், ரோட்டில் படும் பகுதி நடுவில் மேடு கட்டும். எனக்கு நடுப் பட்டன் தேய்ந்து வழவழப்பானபோது ஓரப் பட்டன் புதுசு மாதிரி இருந்தது. கல் ஏற்றிக்கொண்டு குன்றக்குடி வளைவுகளில் திரும்பினால் வண்டி ஒரு கணம் தாமதித்து, அப்புறம் சாயும். படகு ஓட்டுகிற மாதிரி. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன் டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசும். ஒரு நாள் கண்மாய்க் கரை மண் பாதையில் காற்று கொஞ்சம் குறைந்திருந்த டயர் பள்ளத்தில் இறங்கித் திரும்பியபோது, பீடு டிஸ்க்கை விட்டு விலகி மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. மெதுவாகப் போனதால் கல்லும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

அப்ப அகல டிஸ்க்குல குறுகின டயர் மாட்டினா?

நேர் எதிர் வினை. பக்கச் சுவர் விறைப்பாக இழுபட்டு நிற்கும், ஓரங்கள் சீக்கிரம் தேயும். டிஸ்க்கின் உதட்டுக்கு டயர் தரும் மறைப்பு போய்விடும். நம் ஊர்த் தெருக்களின் கல் விளிம்பில் ஒரு முறை உரசினால் உதடு நெளியும். பழைய வண்டிகளில் இந்தத் தவறு அபூர்வம். அலாய் வீலுக்கு ஆசைப்பட்டவர்களிடம்தான் பார்க்கிறேன்.

எங்க அப்பா காலத்து வண்டி. டயர்ல 7.00-15னு மட்டும்தான் இருக்கு. ரேடியல் போடலாமா?

7.00 என்பது அங்குலத்தில் அகலம். சதவீத எண் இல்லாத பழைய அளவுகளில் பக்கச் சுவரின் உயரமும் கிட்டத்தட்ட அகலத்தளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக மொத்த உயரம் 7 + 7 + 15, சுமார் 29 அங்குலம், 737 மில்லிமீட்டர் பக்கம் வரும். நடுவில் ஆர் என்ற எழுத்துக்குப் பதில் கோடு இருந்தால் அது ரேடியல் இல்லை. கடைகளில் நைலான் டயர் என்பது இதைத்தான்.

இந்த டயருக்கான டிஸ்க் பொதுவாக ஐந்தரை அங்குலம். இதே அளவில் ரேடியலாகவே 7.00 ஆர் 15 கிடைக்கிறது, என் ஓட்டு அதற்குத்தான். 215/75 ஆர் 15 போடலாமா என்றால், ஐந்தரை அதன் வரம்பின் கடைசிப் படி. போடலாம், ஆனால் உயரம் 703தான் வரும். வண்டி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும், அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்றும். எடைத் தாங்கலையும் பார்க்க வேண்டும், அது கீழே வருகிறது. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டும் வளைவில் நடந்துகொள்ளும் விதம் வேறு, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

தோப்புல ஓட்டுற பழைய ஜீப்புக்கும் இதே கணக்கா?

கணக்கு இதேதான், டிஸ்க்தான் இன்னும் குறுகல். 6.00-16 டயர் போட்ட பழைய ஜீப்புகளின் டிஸ்க் நாலரை அங்குலம். அதில் 235/70 ஆர் 16 மாட்டி ஊருக்குள் சுற்றுகிறார்கள். அந்த டயருக்குக் குறைந்தபட்சமே 6 அங்குலம் வேண்டும். என் கதையைவிட மோசமான கதை அது. அகல டயர்தான் வேண்டும் என்றால் முதலில் அகல டிஸ்க் வாங்குங்கள், இல்லாவிட்டால் 6.00-16ஐயே தேடிப் போடுங்கள். சேற்றில் குறுகிய டயர் அடித்தரையைத் தேடிப் பிடிக்கும். வயல் வேலைக்கு அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

டிஸ்க்க மாத்திட்டேன், இப்ப 6. 215லேருந்து 235 போட்டா வண்டி எவ்வளவு உசரும்? மீட்டர் தப்பாக் காட்டுமா?

215/75இன் மொத்த உயரம் 161.25 இருமடங்கு, கூட 15 அங்குலத்துக்கு 381: மொத்தம் 703.5 மில்லிமீட்டர். 235/75க்கு அதே வழியில் 733.5. வித்தியாசம் 30, ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 15 மில்லிமீட்டர்தான். மேல்பாதி மட்கார்டு பக்கம் போய்விடும்.

டயரின் சுற்றளவு நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கூடுகிறது. மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62.5 போகிறீர்கள். 100 கிலோமீட்டர் என்று காட்டினால் 104 ஓடியிருக்கும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, கியரின் இழுவை அதே நாலு சதவீதம் குறையும். காலி வண்டியில் தெரியாது. முழு லோடோடு மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் வாசனை சொல்லிவிடும்.

கல்லு ஏத்துற வண்டி. அகல டயர்னா கூட எடை தாங்கும்ல?

அகலத்தைப் பார்த்து எடையை முடிவு செய்யக் கூடாது. அளவுக்குப் பக்கத்தில் 100எஸ் அல்லது 106/104 மாதிரி இன்னொரு எண் இருக்கும், தாங்கும் எடையின் குறியீடு அது (எஸ் என்ற எழுத்து வேகத்துக்கானது). 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104க்கு 900, 106க்கு 950, 109க்கு 1030. கோடு போட்டு இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றை டயராக ஓடும்போது, இரண்டாவது பின்னால் ஜோடியாக ஓடும்போது.

பின் அச்சில் 1,800 கிலோ விழுகிறது என்று வையுங்கள். ஒரு பக்கத்துக்கு 900. அங்கே குறியீடு 100 போட்ட கார் டயர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தோற்றுத்தான் போகும். 6 பிளை, 8 பிளை என்பது உள்ளே எத்தனை அடுக்கு என்ற எண்ணிக்கை இல்லை, பலத்தின் மதிப்பீடு. லோடு வண்டிக்கு எட்டையே கேளுங்கள். தரைக்கல்லும் பழைய வீட்டுத் தேக்குத் தூணும் பார்க்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். தொட்டியில் பாதி கூட நிரம்பியிருக்காது, ஸ்பிரிங் நேராகிவிடும். டிஸ்க்குக்கும் எடை வரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். கார் அலாய் வீலை லோடு வண்டியில் மாட்டினவர் ஒருவர், விரிசல் விட்ட டிஸ்க்கைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தம்பி, காத்தக் கொஞ்சம் கம்மியா வச்சா முறுக்கு நொறுங்காதுல்ல?

இதைக் கேட்டவர் பலகாரம் அனுப்புகிற ஒரு ஆச்சி. நியாயமான கேள்விதான். பல பிக்கப்புகளில் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் காலி வண்டிக்கு ஒரு காற்று அளவும் முழு லோடுக்கு ஒரு அளவும் தனித்தனியாக இருக்கும். முறுக்கு டின்கள் எடை குறைவு, அதனால் காலி வண்டிக்குச் சொன்ன பவுண்டிலேயே ஓட்டலாம் ஆச்சி. அதற்குக் கீழே போகக் கூடாது. பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், பீடும் டிஸ்க்கில் இறுக்கமாக உட்காராது. டிஸ்க் அகலம் வரம்பின் ஓரத்தில் இருக்கிற வண்டிக்கு இது இன்னும் ஆபத்து. என் கண்மாய்க் கரை அனுபவத்தை மேலே சொல்லியிருக்கிறேன்.

காற்றை வண்டி ஓடாத நேரத்தில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த டயரில் அளவு கூடக் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால் காலையில் குறைந்து நிற்கும்.

பழைய டிஸ்க்குல ட்யூப்லெஸ் ஓடுமா?

டிஸ்க்கைப் பொறுத்தது. ட்யூப்லெஸ்ஸுக்கென்று செய்த டிஸ்க்கில் பீடு உட்காருமிடத்துக்கு உள்பக்கமாக ஒரு சின்ன மேடு வட்டமாக ஓடும். காற்று குறைந்தாலும் பீடு நழுவாமல் அதுதான் தடுக்கும். பழைய டிஸ்க் பலவற்றில் இந்த மேடு கிடையாது. ரிவிட் அடித்த டிஸ்க் என்றால் ரிவிட் வழியாகவே காற்று கசியும். துரு தின்ற டிஸ்க்கும் கசியும். அப்படிப்பட்டதற்கு ட்யூபோடு ஓட்டுவதே மேல், ரேடியல் டயருக்குள் ரேடியலுக்கான ட்யூபே போட வேண்டும்.

ட்யூப்லெஸ்ஸின் அருமை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சீமைக்கருவேல முள் குத்தாத டயர் உண்டா? முள் ஏறினாலும் அது உள்ளேயே இருக்கும் வரை மெதுவாகத்தான் காற்று இறங்கும், ஊர் வந்து சேர்ந்துவிடலாம். அதனால் டிஸ்க் மாற்றுகிறவர்கள் மேடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

லாக் ரிங் வைத்த டிஸ்க், அதாவது டயரைத் தனி இரும்பு வளையம் பிடித்து நிறுத்தும் டிஸ்க், உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதைப் பஞ்சர் கடையில் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்கச் சொல்ல வேண்டும். சரியாக உட்காராத ரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். எதிரே நிற்க வேண்டாம், குனிந்து பார்க்கவும் வேண்டாம்.

பழைய சாமான் கடையில 7 அங்குல டிஸ்க் கெடைச்சுது. அதுலயும் அஞ்சு ஓட்டை, நம்மளுதுலயும் அஞ்சு. சேரும்தானே?

ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து ஓட்டையில் எதிரெதிரே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையங்களுக்கு நடுவே அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். ஆறு ஓட்டை என்றால் எதிரெதிர் மையங்களை நேராகவே அளக்கலாம். நடு ஓட்டை ஹப்பில் (டிஸ்க்கை நட்டுப் போட்டு மாட்டும் அச்சு முனை) ஆடாமல் உட்கார வேண்டும், நட்டின் சரிவும் டிஸ்க்கின் சரிவும் பொருந்த வேண்டும்.

இதெல்லாம் பொருந்தினாலும் ஆஃப்செட் என்று ஒன்று இருக்கிறது: டிஸ்க் ஹப்பில் ஒட்டும் முகம், டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ஐந்தரையிலிருந்து ஏழுக்குப் போனால் ஒன்றரை அங்குலம் கூடுகிறது. ஆஃப்செட் மாறாவிட்டால் உள்ளே 19 மில்லிமீட்டர், வெளியே 19 மில்லிமீட்டர் தள்ளும். ஆஃப்செட்டும் வேறு என்றால் மொத்தமும் ஒரே பக்கம் போகலாம். உள்ளே போனால் ஸ்பிரிங்கில் உரசும், வெளியே போனால் வீல் பேரிங் அழும். வாங்குவதற்கு முன் வெறும் டிஸ்க்கை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள்.

நம்ம டிஸ்க்கையே வெட்டிப் பட்டை வச்சு அகலமாக்கித் தர்றேன்னு வெல்டர் சொல்றாரு.

லோடு வண்டியில் வேண்டாம்.

முன்னாடி 215, பின்னாடி 235 ஓட்டலாமா?

இரண்டு சக்கர இழுவை வண்டி ஓடும், ஆனால் ஸ்டெப்னி எந்த அச்சுக்கு? பஞ்சரான இடத்தில்தான் இந்தக் கேள்வியின் அர்த்தம் புரியும். நாலு சக்கர இழுவை வண்டியில் கூடவே கூடாது. முன்னும் பின்னும் சுற்றளவு வேறானால் அந்த வித்தியாசம் முழுவதையும் கியர் பெட்டிதான் வாங்கிக்கொள்ளும். இரண்டு டயர் மட்டும் புதுசு வாங்கினால், ஒரே அளவாக, பின்னால் போடுங்கள்.

எஃப்.சி.க்கு, அதான் வண்டித் தகுதிச் சான்றுக்கு, போனா அகல டயருக்கு ஏதாவது சொல்லுவாங்களா?

சொல்லலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உங்கள் வண்டியின் கையேட்டில் இரண்டு டயர் அளவு கொடுத்திருந்தால் இரண்டில் எதையும் போடலாம். பட்டியலில் இல்லாததை மாட்டிவிட்டு, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய நிலையையும் யோசித்துப் பாருங்கள்.

செகண்ட்ஸ்ல 215 சரியான சைஸே கெடைக்குது, பட்டனும் நல்லா இருக்கு. வாங்கலாமா?

அளவு சரி, டிஸ்க் சரி, எடைக் குறியீடு சரி என்றால் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். இந்தப் பக்கத்து வெயிலில் வருடக்கணக்கில் நின்ற டயர், பட்டன் நிறைய இருந்தாலும் பக்கச் சுவரில் நூல் நூலாக வெடித்திருக்கும். கட்டை விரலால் பக்கச் சுவரை மடக்கி, வெடிப்பு விரிகிறதா என்று பாருங்கள். பட்டன் பள்ளத்துக்குள் சின்னச் சின்னத் திட்டாக ரப்பர் மேடு இருக்கும். அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அதோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது.

கடைசியாக உள்பக்கம் கைவிட்டுத் தடவுங்கள். குறுகிய டிஸ்க்கில் காற்றுக் குறைவாக ஓடிய டயர் என்றால் பக்கச் சுவரின் உள்ளே சுற்றிலும் ஒரு தேய்ந்த வளையம் தட்டுப்படும், சில சமயம் ரப்பர் பொடி கையோடு வரும். அந்த 235 டயர்களை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் முதலில் செய்தது அதைத்தான். கையை வெளியே எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.